தம்பிக்கு கொழும்பில பெற்றோல் பவுசர்ல (எண்ணெய் கொண்டு போற தாங்கி லொறி) ஹெல்பர் வேலை கிடைச்சிருக்கு, ஆபத்தான வேலையா, அனுப்பலாமா?

அனுப்பலாம் தங்கச்சி. ஆனா எந்த முதலாளிட்ட போறான் எண்டு பாத்து அனுப்புங்க. நீங்க ரெண்டு வரியிலதான் கேட்டிருக்கிறீங்க, எண்டாலும் எனக்கு விளங்குது, அம்மா அழுறா, தம்பி அடம் பிடிக்கிறான், வேற வேலையும் கைக்கு வரயில்ல, அப்பிடித்தானே. எங்க வீட்டிலயும் அதே கூத்துத்தான். எனக்கு முதல் பதில் போட்ட ஒருத்தர் "அது றோட்டில ஓடுற குண்டு, பிள்ளைய அனுப்பாதீங்க" எண்டு எழுதியிருக்கிறார். அவர்ட காருக்குள்ள பெற்றோல் எப்பிடி வந்தது எண்டு நினைக்கிறாரோ தெரியாது. நான் கொலன்னாவை எண்ணெய்க் களஞ்சியத்தில இருந்து பவுசர் ஓடுறவன், முதல்ல ஹெல்பரா ஏறினவன், பிறகுதான் ஸ்டியரிங் பிடிச்சது. அதால கொஞ்சம் நீளமா வரும், பொறுமை இல்லாதவை கடந்து போங்க.

முதல்ல தம்பிக்கு இத விளங்கப்படுத்துங்க. பெற்றோல் எண்ணெயா இருக்கேக்க எரியிறதில்ல, அதில இருந்து கிளம்புற ஆவிதான் எரியிறது. மைனஸ் 43 டிகிரியிலயே பத்தக்கூடிய அளவு ஆவி விடுற சாமான் அது, கொழும்பு வெயிலுக்கு எப்பிடி இருக்கும் எண்டு யோசிங்க. அந்த ஆவி காத்த விட மூண்டு மடங்குக்கு மேல பாரம், மேல போய்க் கலைஞ்சிடாது, நிலத்தோட ஊர்ந்து கான், பள்ளம், படிக்கட்டுக்குக் கீழ எண்டு தேங்கி நிக்கும். அங்க எங்கயோ ஒரு நெருப்பு இருந்தா அது பத்தி, வந்த வழியாலயே திரும்பி பவுசருக்கு வரும். அதால "நான் தள்ளி நிண்டுதானே சிகரெட் பத்தினன்" எண்டு சொல்லுறவன்ட கதைய நம்ப ஏலாது.

டீசல் அப்பிடி இல்ல, அது 50 டிகிரிக்கு மேல சூடானாத்தான் பத்துற அளவுக்கு ஆவி விடும். இதக் கேட்டுட்டுத்தான் பொடியன்மார் டீசல் லோட் எண்டா அசட்டையா இருக்கிறது. பவுசர் தாங்கிய உள்ள அறை அறையாப் பிரிச்சிருக்கும், நேற்று பெற்றோல் ஏத்தின அறைக்குள்ள இண்டைக்கு டீசல் அடிக்கிறதுதான் இந்தத் தொழில்லயே மோசமான வேலை எண்டு நான் சொல்லுவன். காலியான அறை முழுக்க பெற்றோல் ஆவி, அது அவ்வளவு தடிப்பா இருக்கேக்க தீப் பத்தாது. காத்தில நூறுக்கு ஒண்டரைப் பங்கில இருந்து ஏழரைப் பங்கு வரைக்கும் ஆவி கலந்திருந்தாத்தான் பத்தும், கூடினாலும் பத்தாது குறைஞ்சாலும் பத்தாது. டீசல் உள்ள இறங்க இறங்க அந்த ஆவிய அது உறிஞ்சும், வெளிக்காத்து உள்ள வரும், அப்ப கலவை சரியா அந்தப் பத்துற அளவுக்கு வந்து நிக்கும். அதே நேரம் டீசல் குழாய்க்குள்ளால ஓடி வாறதால கரண்ட் சேரும், ஸ்டற்றிக் எண்டு சொல்லுறது. ஒரு சின்னப் பொறி போதும். அதாலதான் முதல்ல மெதுவா, குழாய் நுனி எண்ணெய்க்குள்ள முங்கிற வரைக்கும் செக்கனுக்கு 1 மீற்றர் வேகத்துக்கு மேல போகாம அடிக்கச் சொல்லுறது. மேல இருந்து அடிக்கிற இடமெண்டா குழாய அடி வரைக்கும் இறக்கோணும், உயரத்தில இருந்து கொட்ட விடக்கூடாது. நிரம்பினதும் உடன டிப் ஸ்டிக்க (எண்ணெய் மட்டம் அளக்கிற கம்பு) விடாம கொஞ்ச நேரம் பொறுக்கிறதும் இதுக்குத்தான், உள்ள சேர்ந்த கரண்ட் இறங்கோணும்.

எர்த் வயர், அதாவது அந்தக் கரண்ட நிலத்துக்கு இறக்கிற வயர், மூடி திறக்க முந்திப் போடோணும், மூடி மூடினாப் பிறகுதான் கழட்டோணும். பெயின்ற்றுக்கு மேல, கறளுக்கு மேல கவ்வ வச்சா அது சும்மா அலங்காரம், சுரண்டின வெறும் இரும்பில பிடிக்கோணும். நைலோன் ரீசேட் வேணாம், பருத்தி உடுப்பு. போன் ஓஃப், அல்லது கேற்றிலயே குடுத்திட்டுப் போறது. பிளாஸ்ரிக் வாளியில பெற்றோல் பிடிக்கவே கூடாது, எத்தின பேர் சொன்னாலும்.

சரி, இப்ப நான் சொல்ல வந்தது. 2022 ஜூன், நாடு முழுக்க எண்ணெய்த் தட்டுப்பாடு, பங்கு போட்டுக் குடுக்கிற கியூஆர் எல்லாம் வர முந்தி. கொழும்புக்குள்ள ஒரு செட் (பெற்றோல் அடிக்கிற இடம்), பேர் வேணாம். எனக்கு ரெண்டு அறையுள்ள 13,200 லீற்றர் பவுசர், ஒரு அறையில 6600 பெற்றோல், மற்றதில 6600 டீசல். தெமட்டகொடையில இருந்தே நாலஞ்சு பைக்காரர் எனக்குப் பின்னால வந்தாங்க, பவுசர் எங்க திரும்புது எண்டு பாத்து கியூவில முதல் ஆளா நிக்க. செட்டுக்குள்ள திரும்பினதும் சனம் கை தட்டினது, உண்மையா தட்டினாங்க, ராத்திரி முழுக்க றோட்டில படுத்த சனம். எனக்குச் சந்தோசமாத்தான் இருந்தது. இறங்கிப் பாத்தா, நிலத்துத் தாங்கிட வாய்க்குப் பக்கத்திலயே பைக்குகள், அரைவாசி ஸ்ராட்டில. அதுக்குக் கீழ, சரிவில, ஒருத்தர் மண்ணெண்ணெய் அடுப்பு பத்தி பிளேன்ரீ வித்துக்கொண்டு நிக்கிறார். கியூ நீண்ட காலத்தில எல்லா செட்டுக்கு முன்னாலயும் இந்த வியாபாரம் நடந்தது, அவரக் குறை சொல்ல ஏலாது, அவருக்கும் பிழைப்பு.

ஒரு விசயம் கவனிக்கோணும், நிலத்துத் தாங்கிக்குள்ள 6600 லீற்றர் இறங்கினா, உள்ள நிண்ட ஆவி அதே 6600 லீற்றர் வெளிய வந்தாகோணும். ஆவி வெளிய போக வச்சிருக்கிற வென்ற் பைப்பால கொஞ்சம் போகும், வாயாலயும் வரும். பாரமான ஆவி சரிவில எங்க போகும்? பிளேன்ரீ அடுப்புக்குத்தான்.

நான் வால்வத் திறக்க ஏலாது எண்டு சொன்னன். அடுப்ப அணைக்கோணும், பைக் எல்லாத்தையும் தள்ளி (ஸ்ராட் பண்ணி இல்ல, கையால தள்ளி) றோட்டுக்குக் கொண்டு போகோணும், பம்பில இருக்கிற வாகனங்கள எடுக்கோணும், பிறகுதான் ஹோஸ். மனேஜர் வந்து சிங்களத்தில காதுக்குள்ள சொல்லுறார், "அய்யே, சும்மா இறக்குங்க, இல்லாட்டி சனம் என்னை அடிக்கும்" எண்டு. அவர் சொன்னதும் பொய் இல்ல. நான் சாவிய எடுத்து பொக்கற்றுக்குள்ள போட்டுட்டு பவுசர்ட படியில இருந்திட்டன். ஹெல்பர் ஹற்றன் பக்கத்துப் பொடியன், கை நடுங்க நடுங்க கோன் வச்சு, ஃபயர் சிலிண்டர இறக்கி, எர்த் வயரப் போட்டிட்டு நிக்கிறான்.

பிறகு தொடங்கினது. கை தட்டின அதே சனம் "ஹொரா", கள்ளன் எண்டு கத்துது. எண்ணெய வேற இடத்துக்குக் கொண்டு போய் விக்கப் போறானாம். ஒருத்தன் நான் தமிழ் எண்டு தெரிஞ்சதும் வேற மாதிரி ஒண்டு சொன்னான், அத எழுத விருப்பமில்ல. காவலுக்கு நிண்ட ஆமிப் பொடியன் முதல்ல சிரிச்சான், நான் அடுப்பக் காட்டி, சரிவக் காட்டி, "மல்லி (தம்பி), நீயும் இங்கதானே நிக்கிறாய்" எண்டு சொன்னாப் பிறகுதான் அவன்ட முகம் மாறினது. அவன்தான் போய் அடுப்ப அணைப்பிச்சு, பைக்குகளத் தள்ள வச்சான். அதுக்குள்ள மனேஜர் அவசரத்தில எங்கட ஹெல்பர்ட்ட ஹோஸ டீசல் வாயில கொழுவச் சொல்லிட்டார், பொடியன் மூடில இருந்த நிறத்தப் பாத்திட்டு "இல்ல சேர், இது பெற்றோல் அறை" எண்டு நிண்டுட்டான். அவன் மட்டும் தலையாட்டியிருந்தா அண்டைக்கு டீசல் கியூவில நிண்ட லொறி எல்லாத்துக்கும் பெற்றோல் கலந்த டீசல்தான்.

எல்லாம் ஒழுங்காத்தான் முடிஞ்சது, ஒண்டும் நடக்கயில்ல. அதுதான் பிரச்சினையே. ஒண்டும் நடக்காட்டி நீ ஏன் கத்தினாய் எண்டு கேப்பாங்க. ஆரோ வீடியோ எடுத்து "எண்ணெய் இறக்க மறுத்த பவுசர் சாரதி" எண்டு பேஸ்புக்கில போட்டு, கனடாவில இருக்கிற மச்சாள் போன் எடுத்து "நீங்களா அது" எண்டு கேட்டா. சனத்தின்ட கஷ்டம் எனக்குத் தெரியாதா? என்ட பைக்கும் வீட்டில சும்மாதான் நிண்டது, நானும் பஸ்ஸில தொங்கித்தான் வேலைக்குப் போனன். பெற்றோல் லீற்றர் 470 ரூபா வித்த காலம். இதுக்குக் கீழயும் ஆராவது வந்து "பவுசர்காரர் எல்லாம் நல்லவனா" எண்டு எழுதுவாங்க, எழுதுங்க. களவெடுக்கிறவன் இருக்கிறான், இல்லையெண்டு சொல்லயில்ல.

இன்னொரு கதை. பாகிஸ்தான்ல அஹ்மத்பூர் கிழக்கு எண்ட இடத்தில 2017 ஜூன் 25 ஒரு பவுசர் பிரண்டது, கசிஞ்ச பெற்றோல அள்ள பக்கத்துக் கிராமத்துச் சனம் வாளி, போத்தலோட ஓடி வந்தது, பத்தினதில 200 பேருக்கு மேல செத்தாங்க. அதால தம்பிட்ட சொல்லி வையுங்க, பவுசர் பிரண்டா முதல் வேலை சனத்தக் கிட்ட விடாமப் பாக்கிறது, எண்ணெயக் காப்பாத்திறது இல்ல. கசிவு பத்திக்கொண்டா தண்ணி அடிக்க வேணாம், பெற்றோல் தண்ணிக்கு மேல மிதந்து எரிஞ்சபடியே ஓடும், நுரை அல்லது பவுடர்தான். பிரளாம இருக்கிறதுக்கு வளைவில மெதுவாப் போறது, அரைவாசி நிரப்பின அறையோட ஓடாம இருக்கிறது. இடுப்பில வச்ச அரைக்குடத் தண்ணி மாதிரி எண்ணெய் உள்ள ஒரு பக்கமாச் சாயும், நீங்க ஸ்டியரிங்க நேராக்கினாப் பிறகும் அது திரும்பி வர நேரம் எடுக்கும். அதுக்காக வாய் முட்டவும் நிரப்பக்கூடாது, வெயிலுக்கு எண்ணெய் விரியும், இடம் விடோணும்.

காலி பவுசர் எண்டா பயமில்லை எண்டு நினைக்கிறதும் பிழை. அறை காலியா இருக்கேக்கதான் உள்ள ஆவி. கறாஜில ஒரு கிளிப் உடைஞ்சிருக்கு, சின்ன வெல்டிங்தான், வெல்டிங் பாஸ் அஞ்சு நிமிஷத்தில முடிச்சிடுவார் எண்டு முதலாளி சொல்லுவார். நீராவி விட்டுக் கழுவி, காத்து விட்டு, மீற்றர் வச்சு உள்ள ஆவி இல்லை எண்டு பாக்காம வெல்டிங் ரோச்சப் பக்கத்தில கொண்டு வந்தா தம்பி அங்க நிக்கவே கூடாது. வேலை போனாலும் பரவாயில்ல, ஓடி வரச் சொல்லுங்க.

இதெல்லாம் எங்களுக்கு ஆர் சொல்லித் தந்தது எண்டு கேட்டீங்க எண்டா, ஒரு பாதுகாப்பு வகுப்புக்கு அனுப்பினாங்க, முழுக்கச் சிங்களத்தில. எனக்குப் பிரச்சினையில்ல, கிராண்ட்பாஸில வளந்தவன். ஆனா தோட்டப் பக்கத்தில இருந்து வந்த பொடியன்மார் ரெண்டு மூண்டு பேர் தலையத் தலைய ஆட்டிக்கொண்டு இருந்தாங்க, தேத்தண்ணி குடிக்கேக்க என்னட்டக் கேக்கிறாங்க, "அண்ணே, அந்த வயரு எதுக்கு?" எண்டு. வகுப்புக்கு வந்ததாக் கையெழுத்து மட்டும் எல்லார்ட்டயும் வாங்கினாங்க. உங்க தம்பிக்குச் சிங்களம் விளங்காட்டி, வெக்கப்படாமக் கேக்கச் சொல்லுங்க.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, எண்டாலும் சொல்லாம இருக்க ஏலாது. அந்தக் காலத்தில எங்க லேன்ல அரைவாசிப் பேர் என்ட வீட்டில பெற்றோல் இருக்கு எண்டு நம்பினாங்க. கேன் கொண்டு வந்து வாசல்ல நிப்பாங்க. பக்கத்து வீட்டு நானா, நல்ல மனுசன், "ரெண்டு லீற்றர்தானே தம்பி" எண்டு கேட்டார், இல்லை எண்டதும் கோவம். பெருநாளைக்கு எங்க வீட்டுக்கு வாற வட்டிலப்பம் அதோட நிண்டது, இன்னும் வரயில்ல. அவர் பிறகு எங்கயோ வாங்கி கட்டிலுக்குக் கீழ கேன்ல வச்சிருந்தார், சின்னப் பிள்ளையள் படுக்கிற அறை, பக்கத்தில குசினி. நான் போய்ச் சொன்னன், அதுக்கும் கோவம்.

இனி தம்பிட விசயம். முதலாளிட்டப் போகேக்க பவுசரச் சும்மா ஒருக்காச் சுத்திப் பாக்கச் சொல்லுங்க, எர்த் வயர் இருக்கா, ஃபயர் சிலிண்டர்ட திகதி முடிஞ்சிருக்கா, எக்ஸோஸ்டில பொறி தடுக்கிற சாமான் இருக்கா, அவசரத்துக்கு வால்வ மூடுற லீவர் வேலை செய்யுதா, கறள் பிடிச்சு இறுகியிருக்கா. அடுத்தது ஈபிஎஃப் (சேமலாப நிதி) கட்டுறாங்களா, விபத்துக்கு இன்சூரன்ஸ் இருக்கா. முக்கியமா ஷோர்ட்டேஜ் கதை, அதாவது ஏத்தினத விட இறக்கேக்க எண்ணெய் குறையிறது. மத்தியான வெயில்ல ஏத்தின பெற்றோல் ராத்திரி இறக்கேக்க ஒரு டிகிரி குளிர்ந்தாலே 6600 லீற்றரில 6, 7 லீற்றர் சுருங்கும், அது களவு இல்ல, ஆனா சில முதலாளிமார் அதையும் டிரைவர், ஹெல்பர்ட சம்பளத்தில வெட்டுவாங்க. எவ்வளவு குறைஞ்சா வெட்டுறது எண்டு முதல் நாளே கேட்டு எழுத்தில வாங்கச் சொல்லுங்க. எழுதித் தர ஏலாது எண்டு சொல்லுற ஆளிட்ட அனுப்ப வேணாம்.