கைக்குழந்தையின் நகச்சுற்று: எலுமிச்சம்பழம் வேண்டாம்

தங்கள் 5 மாதக் குழந்தையின் கட்டைவிரல் நக ஓரம் 2 நாள்களாகச் சிவந்து வீங்கியிருப்பதாகவும், எலுமிச்சம்பழத்தைக் குடைந்து விரலில் செருகலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம், அந்தச் சாறு புண்பட்ட மெல்லிய தோலை எரிக்கும், அந்த விரலோ ஓயாமல் வாய்க்குள் போகும். நகத்தை ஒட்ட வெட்டுவதாலோ விரல் சூப்பித் தோல் ஊறுவதாலோ உண்டாகும் நுண்ணிய கீறல் வழியே கிருமி நுழைந்து வரும் நகச்சுற்றாகவே இது தோன்றுகிறது.

வெதுவெதுப்பான நீரை உங்கள் முழங்கையில் தொட்டுப் பார்த்த பிறகு, ஒரு நாளைக்கு 3 அல்லது 4 முறை, 10 நிமிடம் விரலை அதில் நனைத்து, பருத்தித் துணியால் ஒற்றியெடுங்கள்; பால் கொடுக்கும்போது செய்தால் பிள்ளை கையை இழுக்காது. நாளைக்குள் குறையாவிட்டாலோ, மஞ்சளாகச் சீழ் தெரிந்தாலோ, ஊசியால் குத்தாமலும் பிதுக்காமலும் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். சிவப்பு விரலில் மேலேறினாலோ, காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, இரவானாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.