5 ஏக்கர் தென்னந்தோப்புக்கு மினி டிராக்டர் வாங்கப் போறேன், யூட்யூப்ல பார்த்த ஹைட்ரோஸ்டாட்டிக் வண்டி நல்லதா, நம்ம ஊர் கியர் வண்டியே போதுமா?

இந்தக் கேள்விய பார்த்துட்டு சும்மா போக மனசு வரலைங்க. உங்க நெலம எனக்குப் புரியுது. தோப்புல களை ஏறிக் கெடக்கும், வாடகை வண்டிக்காரர் ஒரு வாரமா நாளைக்கு வர்றேன்னு சொல்லிட்டிருப்பாரு, ராத்திரி போன்ல அமெரிக்கா வீடியோ ஓடும், அதுல ஒருத்தர் ஹைட்ரோஸ்டாட்டிக் வண்டியில, அதாவது ஆயில் அழுத்தத்துல ஓடற வண்டியில, கியரே மாத்தாம ஒரு பெடல அமுக்கி முன்னயும் பின்னயும் போயிட்டு வந்துட்டிருப்பாரு, நமக்கு மட்டும் ஏன் இது இல்லன்னு தோணும். எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. எனக்கு உடுமலை பக்கம் 4 ஏக்கர் தென்னை, ஊடுபயிரா ஜாதிக்காய்.

முதல்ல நேரடியா சொல்லிடறேன். இன்னைக்கு நம்ம ஊர்ல காசு போட்டு வாங்கறதா இருந்தா கியர் வண்டி வாங்குங்க, ஃபோர் வீல் டிரைவ்ல, 24லருந்து 28 ஹெச்பிக்குள்ள. ஆனா ஹைட்ரோஸ்டாட்டிக்னா பணக்காரங்க புல்லு வெட்டற வண்டின்னு யாராச்சும் சொன்னா அத மட்டும் நம்பாதீங்க. அதுக்குத்தான் இவ்வளவு நீளமா எழுதறேன்.

ஹைட்ரோஸ்டாட்டிக் நமக்குத் தெரியாத சமாச்சாரமும் இல்ல. டெல்டா பக்கம் நெல்லு அறுக்க வர்ற பெல்ட் வண்டி பார்த்திருப்பீங்க, குபோட்டா டிசி 68ஜி மாதிரி, அது ஹைட்ரோஸ்டாட்டிக்ல ஓடறதுதான். டிரைவர் ஒரு லீவர முன்னாடி தள்ளுனா போகும், பின்னாடி இழுத்தா ரிவர்ஸ், நடுவுல விட்டா நின்னுக்கும். உள்ள நடக்கறது இதுதான். இன்ஜின் ஒரு ஆயில் பம்ப சுத்துது, பம்புக்குள்ள சாய்வா ஒரு தட்டு இருக்கு, அந்தத் தட்டு எவ்வளவு சாயுதோ அவ்வளவு ஆயில் மோட்டருக்குப் போகும், மோட்டர் சக்கரத்த சுத்தும், தட்டு அந்தப் பக்கம் சாஞ்சா வண்டி பின்னாடி வரும். நம்ம காலோ கையோ மாத்தறது அந்தச் சாய்வத்தான். டிராக்டர்லயும் இது பழசுதான், 1967லயே அமெரிக்காவுல இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனி 656 மாடல்ல போட்டுட்டாங்க.

பெரிய லாபம் என்னன்னா இன்ஜின் ஆர்பிஎம், அதாவது சுத்தற வேகம், குறையாம வண்டி வேகத்த மட்டும் குறைக்கலாம். ரோட்டவேட்டர், அதாவது சுத்தற கத்தியால மண்ணக் கொத்திப் போடற கருவி, ஓட்டறவங்களுக்கு இதோட அரும தெரியும். இறுகின மண்ணு வந்தா கத்தி அதே வேகத்துல சுத்தணும், வண்டி மட்டும் மெதுவா நகரணும். கியர் வண்டியில என்ன செய்வோம், நிறுத்தி கீழ் கியர் போடணும், சோம்பேறித்தனமா இருந்தா அரை கிளட்ச்ல ஓட்டுவோம். சிங்கிள் கிளட்ச் வண்டின்னா கிளட்ச முழுசா மிதிச்ச உடனே பிடிஓவும் (பின்னாடி மாட்டற கருவிய சுத்த வைக்கற தண்டு) நின்னுடும், ரோட்டவேட்டர் மண்ணுக்குள்ளயே நிக்கும். அதனால கியர் வண்டி வாங்கும்போது சக்கரத்துக்கும் பிடிஓவுக்கும் தனித்தனியா வேலை செய்யற டபுள் கிளட்ச் இருக்கான்னு கேளுங்க, இல்லன்னா ஆமை வேகத்துல போற கீழ் கியர் இருக்கான்னாவது பாருங்க. நான் வச்சிருக்கற கியர் மினி டிராக்டர்ல ரெண்டும் இல்ல, ரெண்டாவது வருஷமே கிளட்ச் பிளேட் போச்சு. அது வண்டி தப்பு இல்ல, அந்த வேலைக்கு அந்தக் கிளட்ச் இல்ல, அவ்வளவுதான்.

நஷ்டமும் உண்டு. ஆயில் வழியா போற சக்தியில ஒரு பங்கு சூடா வீணாயிடும். குபோட்டா எல்2501னு ஒரு மாடல் அமெரிக்காவுல இருக்கு, கியர்லயும் வருது ஹைட்ரோஸ்டாட்டிக்லயும் வருது, ரெண்டுலயும் அதே 1647 சிசி மூணு சிலிண்டர் இன்ஜின், அதே 24.8 ஹெச்பி. கியர் மாடல்ல பிடிஓவுக்கு 20.5 ஹெச்பி வருது, ஹைட்ரோஸ்டாட்டிக்ல 19தான். சின்ன வண்டிக்கு ஒன்றரை ஹெச்பின்றது சாதாரணம் இல்ல, நாளெல்லாம் கொத்து கலப்பை போட்டு இழுக்கறவங்களுக்கு கியர்தான் சரி. அப்புறம் பேட்டரி இறங்குனா தள்ளி ஸ்டார்ட் பண்ண முடியாது. ஆயில்ல தூசியோ தண்ணியோ கலந்தா பம்ப் போயிடும், அத நம்ம ஊர் மெக்கானிக் பட்டறையில பிரிச்சு மாட்டறது நடக்கற காரியம் இல்ல.

இன்ஜின் பத்தியும் சொல்லிடறேன். ஹெச்பி நம்பர மட்டும் பார்த்து முடிவு பண்ணாதீங்க, எத்தனை சிசி (இன்ஜின் கொள்ளளவு), எந்த ஆர்பிஎம்ல அந்த ஹெச்பி வருதுன்னு பாருங்க. குபோட்டா பி2441ல மூணு சிலிண்டர், 1123 சிசி, 2600 ஆர்பிஎம், வருது 24 ஹெச்பி. மஹிந்திரா ஜிவோ 245ம் 24தான், ஆனா ரெண்டு சிலிண்டர், 2300 ஆர்பிஎம். ஸ்வராஜ் 724 எக்ஸ்எம் ரெண்டே சிலிண்டர்ல 1824 சிசி, 1800 ஆர்பிஎம்லயே வேலை முடிஞ்சிடும். ஆர்பிஎம் கம்மியா சிசி பெருசா இருக்கறது இழுவைக்குத் திணறாது, ஆனா சீட்ல உக்காந்தா அதிர்வு தெரியும். மூணு சிலிண்டர் நைசா ஓடும், ஆக்சிலரேட்டர இறக்காம ஓட்டணும். டைரக்ட் இன்ஜெக்‌ஷன் (டீசல நேரா சிலிண்டருக்குள்ள பீச்சறது) டீசல் கம்மியா குடிக்கும், இன்டைரக்ட் (பக்கத்துல சின்ன அறையில பீச்சறது) சத்தம் கம்மி, காலையில குளோ பிளக் சூடாக ரெண்டு நொடி காத்திருக்கணும். யூட்யூப்ல அமெரிக்கா சின்ன வண்டிங்க பாதி 24, 24.8னே நிக்கறது பார்த்திருப்பீங்க. அங்க 19 கிலோவாட்டுக்கு மேல, அதாவது சுமார் 25 ஹெச்பிக்கு மேல போனா புகை விதி இறுகிடுது, சைலன்சர்ல புகைக்கரி வடிகட்டி வைக்க வேண்டி வரும், அதத் தவிர்க்கத்தான் பெரிய இன்ஜின வச்சுக்கிட்டே 25க்குக் கீழ நிறுத்தறாங்க. நம்ம நாட்டு புகை விதி தனி, அதனால அந்த வீடியோல வர்ற ஒப்பீட்ட அப்படியே இங்க கொண்டு வராதீங்க.

இப்போ என் கதை. 2019ல ராத்திரி பைக்ல வரும்போது வழுக்கி இடது கால் முட்டி ஜவ்வு அறுந்துடுச்சு. ஆபரேஷன் ஆச்சு, நடக்கறேன், படி ஏறறேன், ஆனா கிளட்ச் மிதிச்சா முட்டி வீங்கிடுது. தென்னைக்கு ஏக்கருக்கு 70 மரம், என் தோப்புல 280. ஒவ்வொரு மரத்துக்கும் வட்டப்பாத்தி கிட்ட போய் நிறுத்தி, ரோட்டவேட்டர தூக்கி, ரிவர்ஸ் எடுத்து, திருப்பிப் போகணும், கொறஞ்சது நாலு தடவை கிளட்ச். ஒரு ஓட்டம் முடிக்க ஆயிரத்துக்கு மேல மிதிக்கணும். முட்டி நல்லா இருந்தப்போ இத நான் எண்ணினதே இல்லைங்க. அதுக்கப்புறம் எண்ணிட்டே இருந்தேன்.

2023ல தங்கச்சி வீட்டுக்கு டெக்சாஸ் போயிருந்தேன், ஆஸ்டினுக்கு வெளிய இருக்காங்க. மாப்ள அஞ்சு ஏக்கர் எடம் வாங்கி மேல சொன்ன அதே எல்2501, ஹைட்ரோஸ்டாட்டிக், முன்னாடி மண்ணு அள்ளற லோடரோட வச்சிருக்காரு. "ஓட்டிப் பாருங்க மாமா"ன்னாரு. கால் தெரியும்ல மாப்ளன்னேன். "வலது கால் ஒண்ணு போதும் மாமா, ஏறுங்க"ன்னாரு. பிடிஓ போட எடுக்க இடது பக்கம் ஒரு கிளட்ச் இருக்கு, மத்தபடி வலது பாதத்துக்கு ஒரே பெடல், முன்பாதத்துல அமுக்குனா முன்னாடி, குதிகால்ல அமுக்குனா பின்னாடி. அன்னைக்கு காலையில ஏறி சாயங்காலம் வரைக்கும் மண்ணு அள்ளிக் கொட்டினேன், பின்னாடி கட்டர் மாட்டி புல்லு வெட்டினேன். நாலு வருஷத்துக்கு அப்புறம் ஒரு முழு நாள் டிராக்டர் ஓட்டினது அன்னைக்குத்தான். ராத்திரி முட்டிய தொட்டுப் பார்க்கறேன், வீக்கம் இல்ல. தங்கச்சி சாப்பிடக் கூப்பிடறா, எனக்கு தொண்டை அடைச்சுட்டு பேச்சே வரல.

ஊருக்கு வந்து கோயம்புத்தூர், பொள்ளாச்சின்னு நாலு ஷோரூம் ஏறி இறங்குனேன். எங்கயும் இல்ல. ஒருத்தர் "இங்க அதுக்கு மார்க்கெட் இல்லைங்க சார், எட்டு கியர் இருக்கும்போது எதுக்கு"ன்னாரு. கால் விஷயத்த சொன்னேன். "டிரைவர் வச்சுக்கோங்க"ன்னாரு. அந்த வார்த்தை இன்னும் மனசுல கெடக்கு. பஞ்சாப் ஹோஷியார்பூர்ல செய்யற சோலிஸ் 26ங்கற டிராக்டர ஐரோப்பாவுல ஹைட்ரோஸ்டாட்டிக்கா விக்கறாங்க, நம்ம நாட்டுலயே செய்ய முடியுது, கேக்கற ஆளு இல்லன்னு நமக்குக் காட்டறதே இல்ல. முட்டி போனவங்க, வயசானவங்க, கிளட்ச் எட்டாத பொம்பளைங்க, இவங்கெல்லாம் விவசாயம் பண்றாங்களா இல்லையா? கமெண்ட்ல வந்து எங்க தாத்தா மாடு கட்டி உழுதாரு, அமெரிக்கா போயிட்டு வந்து பெரும பேசறான்னு எழுதறவங்களுக்கு இப்பவே சொல்லிடறேன், எங்க அப்பாவும் மாடு கட்டித்தான் உழுதாரு, ரெண்டு முட்டியும் தேஞ்சு கடைசி ஆறு வருஷம் திண்ணைய விட்டு இறங்கல.

இப்போ என் வீட்டுக்காரம்மாதான் ஓட்டறாங்க. கிளட்ச் எட்டலன்னு முதுகுக்குப் பின்னாடி தலகாணி வச்சு பழகுனாங்க. ஜாதிக்காய் வரிசையில கிளை ஒடியாம திருப்பறதுல என்னைய விட அவங்க கை சுத்தம். ஆனா அவங்களுக்கும் சாயங்காலம் தொடை வலிக்குது, வெளிய சொல்ல மாட்டாங்க.

நீங்க கேக்காத விஷயம் ஒண்ணு, ஆனா மினி டிராக்டர்னு ஆரம்பிச்சாலே எனக்கு இது வந்துடும். எனக்கு முதல்ல பெரிய வண்டிதான் வரும், வாடகைக்கு. பக்கத்து தோட்டத்த வித்து சைட் போட்டாங்க, அவங்க கம்பி வேலி போட்டதுல எங்க தோப்புக்குப் போற தடம் ஆறடிக்கு வந்துடுச்சு, பெரிய வண்டி நொழையறது நின்னு போச்சு. மூணு தலைமுறையா மாட்டு வண்டி போன தடம். அளந்து குடுங்கன்னு மனு குடுத்து நாலு வருஷம் ஆச்சு, ஒரு தடவை அளக்கற சங்கிலி எடுத்துட்டு வந்தாங்க, மழைன்னு திரும்பிப் போனாங்க. தேங்காய் லோடு இப்பவும் சின்ன வண்டியில ரோடு வரைக்கும் கொண்டு போய் அங்கருந்து மாத்தி ஏத்தறோம், ஒவ்வொரு வெட்டுக்கும் ரெண்டு கூலி. நான் மினி டிராக்டர் வாங்கினதுக்கு பாதி காரணம் அந்த வேலிதான். அதனால உங்க தடம் எவ்வளவு அகலம்னு முதல்ல அளந்துக்கோங்க, பத்திரத்துலயும் இருக்கான்னு பார்த்துக்கோங்க.

மானியத்துக்கு வேளாண் பொறியியல் துறையில கேளுங்க, தமிழ்நாடு அரசோட உழவன் ஆப்லயும் பதியலாம், சிறு குறு விவசாயின்னா அந்தச் சான்றிதழ் கையில வச்சுக்கோங்க. டிராக்டருக்கு ஜிஎஸ்டி 2025 செப்டம்பர்ல 12லருந்து 5 சதவீதமா இறங்கிடுச்சு, பழைய விலைப் பட்டியல காட்டுனா ஒத்துக்காதீங்க.

அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி டெமோ கேளுங்க. ஷோரூம் வாசல்ல இல்ல, உங்க தோப்புல, நாலடி ரோட்டவேட்டர் மாட்டி, ரெண்டு வரிசை. கம்பெனி ஆள் ஓட்டிக் காட்டறத பார்த்துட்டு நிக்காதீங்க, நீங்க ஏறி ஓட்டுங்க, வீட்ல வேற யாரு ஓட்டுவாங்களோ அவங்களையும் ஏத்துங்க. பத்து மரம் சுத்தி வந்து இறங்கினதும் இடது கால் எப்படி இருக்குன்னு கேளுங்க.