சினிமா கிசுகிசு வெப்சைட்டில் மகளுக்கு இன்டர்ன்ஷிப்: அனுப்பலாமா?

அனுப்பலாம். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீங்கள் அனுப்பிய அவ்வளவு நீளமான மெசேஜில் கேள்வி கடைசி வரியில்தான் இருந்தது, அதற்கு மேலே இருந்ததெல்லாம் பயம். மகள் விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) மூன்றாம் வருஷம், பள்ளிக்கூட நாளிலிருந்து பிளாக் எழுதுகிறாள், வடபழனியில் பத்துப் பதினைந்து பேர் இருக்கும் ஒரு ஸ்டார்ட்அப், நடிகர் நடிகைகள் பற்றி மட்டுமே போடுகிற வெப்சைட், மூன்று மாதம். 'பேங்க் எக்ஸாமுக்குப் படிக்க வேண்டிய வயசில் கிசுகிசு எழுதப் போகிறாளா' என்று அவள் அப்பா கேட்கிறார். சொந்தக்காரர்கள் கேட்டால் என்ன சொல்வது என்று உங்களுக்குக் கவலை. மீடியா கம்பெனியில் டிரெய்னிங் என்று சொல்லுங்கள், அது உண்மையும்கூட.

சினிமா செய்தி எழுதுவது மட்டமான பிழைப்பு என்று ஒரு எண்ணம் நம் வீடுகளில் இருக்கிறது, அதே வீட்டில் காலையில் பேப்பர் வந்ததும் முதலில் பிரிப்பது சினிமா பக்கத்தைத்தான். பிலிம் நியூஸ் ஆனந்தன் 2016-இல் காலமானார், தமிழ் சினிமாவின் முதல் பி.ஆர்.ஓ., அதாவது பத்திரிகைத் தொடர்பாளர், அவர்தான் என்பார்கள். எந்தப் படம் எந்தத் தேதியில் வந்தது, யார் யார் வேலை செய்தார்கள் என்று வாழ்நாள் முழுக்கக் குறித்து வைத்தார், போட்டோக்களைச் சேர்த்து வைத்தார், கடைசியில் அந்தச் சேகரிப்பை அரசாங்கமே வாங்கியது. இதே சென்னையில் அதற்கு முன்னால் லட்சுமிகாந்தன் என்றும் ஒருவர் இருந்தார். 'சினிமா தூது', பிறகு 'இந்து நேசன்' என்று பத்திரிகை நடத்தினார், நடிகர்களின் அந்தரங்கத்தை எழுதுவதும், எழுதாமல் இருக்கக் காசு வாங்குவதும்தான் அவருக்குத் தொழில் என்று பேர். 1944 நவம்பரில் வேப்பேரியில் கத்திக்குத்து பட்டு இறந்தார். அந்த வழக்கில் தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் ஜெயிலுக்குப் போய் 1947-இல்தான் விடுதலையாகி வெளியே வந்தார்கள். இரண்டு பேர் எழுதியதும் சினிமா செய்திதான். உங்கள் மகள் போகிற கம்பெனி யார் பக்கம் சாய்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் பயப்படுவதும் தப்பு, நம்புவதும் தப்பு.

தெரிந்துகொள்வது கஷ்டமில்லை. இன்று ராத்திரி சாப்பிட்டதும் மகளோடு உட்கார்ந்து அந்த வெப்சைட்டில் கடந்த ஒரு வாரத்தில் வந்ததைப் படியுங்கள். எத்தனை செய்தியில் யாரிடமாவது பேசிவிட்டு எழுதியிருக்கிறார்கள், எத்தனை செய்தி ஒரு இன்ஸ்டா போஸ்டைப் பார்த்து நாலு பத்தி நீட்டியது என்று எண்ணுங்கள். 'பிரபல நடிகை எடுத்த அதிரடி முடிவு' என்று தலைப்பு வைத்து, உள்ளே போனால் அவர் முடி வெட்டிக்கொண்டார் என்றிருக்கும், அது பரவாயில்லை, சிரித்துவிட்டுப் போகலாம். 'நெருங்கிய வட்டாரம் சொல்கிறது' என்று ஒரு குடும்பத்தைப் பிரித்து வைத்திருந்தால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். எழுதியவர் பெயர் இருக்கிறதா, எல்லாமே 'அட்மின்' போட்டதா? தப்பாகப் போன செய்தியைத் திருத்தி, திருத்தியதாகச் சொல்லியிருக்கிறார்களா? பக்கத்தின் அடியில் குறைதீர் அலுவலர் பெயர் இருக்கிறதா? 2021-இல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகள்படி செய்தி வெளியிடும் வெப்சைட் அப்படி ஒருவரை வைத்திருக்க வேண்டும், வருகிற புகாருக்கு 15 நாளில் முடிவு சொல்ல வேண்டும். இதுகூட இல்லாத இடத்தில் நாளைக்கு ஒரு நடிகரின் வக்கீல் நோட்டீஸ் வந்தால் யார் முன்னால் நிற்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். கம்பெனி பெயரைக் கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் போட்டால் பதிவான தேதியும் விலாசமும் வந்துவிடும், காசு கேட்க மாட்டார்கள்.

அடுத்து அந்த ஆஃபர் மெயில். நீங்கள் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டில் சேருகிற தேதி இருக்கிறது, 'சூப்பர் எனர்ஜி உள்ள டீம்' என்று இருக்கிறது, ஸ்டைபண்ட், அதாவது மாதாமாதம் தரும் தொகை, எவ்வளவு என்று இல்லை. சாதாரண இன்டர்ன்ஷிப்புக்கு இவ்வளவு கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் எதுவும் தொகை சொல்லவில்லை, அதனால் எழுத்தில் இருப்பதுதான் கணக்கு. எவ்வளவு, மாதத்தில் எந்தத் தேதிக்கு, வெளியே போனால் பயணச் செலவு உண்டா என்று கேட்டு பதில் வாங்குங்கள். வேலை நேரத்தையும் கேளுங்கள், ஏனென்றால் ஆடியோ லாஞ்ச் என்றால் ராத்திரி பதினொன்றுக்குத்தான் முடியும், அதற்கு மேல் மெட்ரோவை நம்ப முடியாது. ஒன்பது மணிக்கு மேல் ஆனால் கேப் கம்பெனி செலவு என்று ஒரு வரி இருந்தால் உங்களுக்குத் தூக்கம் வரும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் துன்புறுத்தல் புகாருக்கான உள்ளகக் குழு கட்டாயம். 2013-ஆம் வருஷச் சட்டம் டிரெய்னிகளுக்கும் பொருந்தும், 'நீ வெறும் இன்டர்ன்தானே' என்று யாரும் தட்டிக்கழிக்க முடியாது. அதைவிடச் சின்ன ஆபீஸ் என்றால் மாவட்ட அளவில் குழு இருக்கிறது. இதைக் கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று தயங்காதீர்கள். கேட்டதற்கே முகம் சுளிக்கிற ஆபீஸ் என்றால், சரி, விட்டுவிடுங்கள், வடபழனியில் ஏறி இறங்க வேறு ஆபீஸ்கள் இருக்கின்றன.

இனி வருவது மகளுக்கு. போனை அவளிடம் கொடுங்கள்.

வாம்மா. உன் பிளாகைப் படித்தேன். பழைய பாட்டுகளில் கோரஸ் பாடியவர்களைப் பற்றி எழுதியிருந்தாயே, அதற்காகத்தான் உன்னைக் கூப்பிட்டிருப்பார்கள் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கலாம். இருக்காது. வேகமாகத் தமிழ் டைப் பண்ணுகிற, பிழையில்லாமல் எழுதுகிற ஆள் தேவை, அவ்வளவுதான். முதல் வாரம் முழுக்க கேலரிக்குப் போட்டோ வெட்டுவாய், கேப்ஷன் போடுவாய், டேக் போடுவாய், ட்ரெண்டிங்கில் எது ஏறுகிறது என்று பார்த்து இருநூறு வார்த்தையில் எழுதித் தள்ளுவாய். சலிப்பாக இருக்கும். ஆனால் அந்த ஆபீஸில் சுவரில் ஒரு ஸ்கிரீன் இருக்கும், எந்தச் செய்தியை இந்த நிமிஷம் எத்தனை பேர் படிக்கிறார்கள் என்று ஓடிக்கொண்டிருக்கும். அதைப் படிக்கக் கற்றுக்கொள், கூகுள் தேடலிலிருந்து எத்தனை பேர் வருகிறார்கள் என்று காட்டும் சர்ச் கன்சோலை யாரிடமாவது கேட்டுத் திறந்து பார். ஒரு செய்தி போனில் கூகுள் தானாகக் காட்டும் டிஸ்கவர் பட்டியலில் ஏறி லட்சம் பேரிடம் போகிறது, அதே மாதிரி எழுதிய ஒன்பது செய்தி செத்துக் கிடக்கிறது, ஏன் என்று துருவு. இது எந்தக் காலேஜிலும் சொல்லித்தர மாட்டார்கள், நாளைக்கு நீ சினிமாவை விட்டு ஹெல்த், கல்வி என்று எங்கே போனாலும் உதவும்.

இப்போது ஒரு ராத்திரியைச் சொல்கிறேன், நிச்சயம் வரும். மணி பத்தே முக்கால், நீ நைட் ஷிப்டில் இருக்கிறாய், ஆபீஸ் வாட்ஸாப் குரூப்பில் ஒரு ஃபார்வர்டு: மூத்த நடிகர் ஒருவர் காலமானார். வேறொரு தளம் ஏற்கெனவே போட்டுவிட்டது. சீனியர் 'போடு போடு' என்கிறார். என்ன செய்வாய்? அவருடைய கடைசிப் படத்தின் பிரஸ் நோட்டில் அடியில் பி.ஆர்.ஓ. பெயர் இருக்கும், அவருக்குப் போன் போடு. எடுக்கவில்லையா, மேனேஜர், அப்புறம் ஆஸ்பத்திரி ரிசப்ஷன். பத்து நிமிஷம் ஆகும். யாரும் உறுதி செய்யவில்லையென்றால் போடாதே, 'முயற்சி செய்துகொண்டிருக்கிறேன் சார், உறுதியாகவில்லை' என்று குரூப்பில் எழுத்தில் போட்டுவிடு. உயிரோடு இருக்கிற நடிகர்கள் 'நான் நல்லா இருக்கேன்' என்று வீடியோ போட வேண்டிய கண்றாவியெல்லாம் நடந்த ஊர் இது. காத்திருக்கிற நேரத்தில் அவர் நடித்த முதல் படம், வருஷம், விருதுகளையெல்லாம் சரிபார்த்து முழுக் கட்டுரையை எழுதி வைத்துக்கொள். செய்தி உண்மையென்றால் மற்றவர்கள் இரண்டு வரி போட்டு நிற்கும்போது உன்னுடையது முழுசாக இருக்கும். பெரிய பத்திரிகைகளில் இப்படி முன்கூட்டியே எழுதி வைக்கிற வழக்கம் உண்டு.

சட்டம் கொஞ்சம் தெரிந்திருக்கட்டும். 1994-இல் நக்கீரன் ஆசிரியர் தொடுத்த வழக்கில், ஆட்டோ சங்கர் வழக்கு என்று சொன்னால் உன் லெக்சரருக்குத் தெரியும், சுப்ரீம் கோர்ட் சொன்னதை நீ தினமும் பயன்படுத்துவாய். ஒருவருடைய கல்யாணம், குடும்பம், குழந்தைப்பேறு, தாய்மை மாதிரியான விஷயங்களை அவர் சம்மதம் இல்லாமல் எழுதக்கூடாது, கோர்ட் ஆவணம் மாதிரி பொது ஆவணத்தில் இருப்பதை எழுதலாம், தானே சர்ச்சையில் இறங்கியவர் விஷயம் வேறு. ஆக, விவாகரத்து மனு தாக்கலானது செய்தி, 'தனித்தனி ரூமில் தூங்குகிறார்களாம்' என்பது செய்தி கிடையாது. தலைப்பில் ஒரு கேள்விக்குறி போட்டால் தப்பித்துவிடலாம் என்று ஆபீஸில் யாராவது சொல்வார்கள். 'மூணெழுத்து நடிகை' என்று எழுதினால் கேஸ் வராது என்பார்கள். யாரைச் சொல்கிறாய் என்று படிப்பவருக்குப் புரிந்துவிட்டால் அவதூறுதான், ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த புது நியாய சன்ஹிதாவில் 356-ஆம் பிரிவு, இரண்டு வருஷம் வரை ஜெயில் உண்டு. எடிட்டர் சொன்னார் என்பதால் நீ தப்பிக்க முடியாது, பெயர் உன்னுடையது. சரிபார்க்க விடாத செய்திக்கு 'என் பெயரைப் போடாதீர்கள்' என்று சொல்கிற உரிமை உனக்கு இருக்கிறதா என்பதை முதல் நாளே கேட்டுக்கொள். இதை மரியாதையாகக் கேட்டால் நல்ல எடிட்டர் சந்தோஷப்படுவார்.

பிரஸ் மீட்டுக்கு அனுப்புவார்கள். பிரசாத் லேப் வாசலில் பேர் எழுதிக்கொண்டு உள்ளே விடுவார்கள், முடிந்ததும் சாப்பாடு, சில இடங்களில் போகும்போது கையில் பணம் வைத்த கவர். பிரியாணியைச் சாப்பிடு, கவரை வாங்காதே. 'எங்க ஆபீஸ்ல வாங்கக்கூடாதுண்ணே' என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு நகர்ந்துவிடு, யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், உன் பங்கை வாங்க வேறு ஆள் இருப்பார். அதேபோல, காசு வாங்கிக்கொண்டு போடுகிற கட்டுரை என்றால் விளம்பரம் என்று மேலே இருக்க வேண்டும், உன் பெயர் அதில் வர வேண்டாம்.

பிளாக் விஷயத்தில் கறாராக இரு. ஒப்பந்தத்தில் 'இந்தக் காலத்தில் எழுதும் அனைத்தும் கம்பெனிக்குச் சொந்தம்' என்று இருந்தால், 'கம்பெனிக்காக எழுதும் அனைத்தும்' என்று மாற்றச் சொல். அந்த இரண்டு சொல்லில் உன் ஆறு வருஷ பிளாக் இருக்கிறது. 1957 பதிப்புரிமை (காப்பிரைட்) சட்டப்படி, எழுதிய ஒன்றின் உரிமையை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்கிறாய் என்றால் அது கையெழுத்தோடு எழுத்தில் இருக்க வேண்டும், எத்தனை காலத்துக்கு என்று சொல்லாவிட்டால் 5 வருஷம் என்றும், எந்த ஊர் என்று சொல்லாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும்தான் எடுத்துக்கொள்வார்கள். உன் இன்ஸ்டா பாஸ்வேர்டு, பிளாக் லாகின் எதையும் ஆபீஸில் யாருக்கும் கொடுக்காதே. ரசிகர் படை திட்ட வந்தால் ஆபீஸ் அக்கவுண்டுக்கு வரட்டும், மிரட்டல் வரை போனால் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு எடிட்டரிடமும் அம்மாவிடமும் சொல், சைபர் கிரைம் போர்ட்டலில் புகார் போடலாம்.

மூன்று மாதத்தில் நீயே அலைந்து எழுதியது என்று மூன்று கட்டுரையாவது இருக்க வேண்டும், அதை யாரும் உனக்கு ஒதுக்கித் தர மாட்டார்கள், நீதான் கேட்டு வாங்க வேண்டும். ஹீரோ பேட்டி கிடைக்காது, கிடைத்தாலும் எல்லோருக்கும் கிடைத்த அதே பேட்டிதான். வடபழனி, சாலிகிராமம் தெருக்களில் டப்பிங் ஆர்ட்டிஸ்ட், காஸ்ட்யூமர், ஃபைட்டர், டான்ஸ் யூனியன்காரர்கள் என்று எத்தனை பேர் டீ குடித்துக்கொண்டிருக்கிறார்கள், கோரஸ் பாடியவர்களைத் தேடிப்போன உனக்கு இது சொல்லித்தர வேண்டியதில்லை. வந்த ஒவ்வொரு கட்டுரையையும் அன்றே பி.டி.எஃப். எடுத்து வை, இணையப் பக்கங்களைப் பிரதி எடுத்து வைக்கும் வேபேக் மெஷின் தளத்திலும் லிங்கைப் போட்டுச் சேமித்துவிடு. ஸ்டார்ட்அப் மூடினால் வெப்சைட்டும் போய்விடும், அப்புறம் இன்டர்வியூவில் காட்ட உன்னிடம் ஒரு சர்டிஃபிகேட் மட்டும் மிஞ்சும். காலேஜில் என்.ஓ.சி.யும் (ஆட்சேபணை இல்லை என்ற கடிதம்) அட்டெண்டன்ஸ் விஷயமும் சேருவதற்கு முன்பே பேசி முடித்துவிடு.

இப்போது போனை அப்பாவிடம் கொடு. ஐயா, பேங்க் எக்ஸாம் எங்கேயும் ஓடிவிடவில்லை. ஐ.பி.பி.எஸ். கிளார்க் தேர்வுக்கு 28 வயது வரை, பி.ஓ.வுக்கு (பேங்க் அதிகாரி வேலை) 30 வரை எழுதலாம், எந்த டிகிரியும் போதும், விஸ்காம் டிகிரியும் டிகிரிதான். இந்த வேலை பிடித்துப்போனால் தரமணியில் ஏசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசத்தில் ஒரு வருஷ முதுநிலை டிப்ளமோ இருக்கிறது. ஃபீஸ் நம்மைப் போன்ற குடும்பத்துக்குக் கொஞ்சம் கனம்தான், ஸ்காலர்ஷிப் பற்றி அட்மிஷன் சமயத்தில் விசாரியுங்கள். பிடிக்காமல் போனால் மூன்று மாதம் போனது போகட்டும், வேகமாகத் தமிழ் எழுதத் தெரிந்த பெண்ணாகத் திரும்பி வருவாள்.

சேருகிற தேதிக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. ஸ்டைபண்ட், நேரம், கேப், உள்ளகக் குழு, பெயர் போடுவது, பிளாக், இந்த ஆறையும் கேட்டு மகள் பெயரிலேயே ஒரு மெயில் போகட்டும், உங்கள் பெயரில் வேண்டாம். பதில் வந்ததும் எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.