மகளுக்குக் குரோம்புக் போதுமா, மச்சான் கார்டில் பெரிய லேப்டாப் வாங்கலாமா?

கேள்வி: எனக்கு 47 வயது. கரூரில் துணி ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. கைக்கு வரும் சம்பளம் 41,000 ரூபாய், வாடகை 8,500. மகள் பி.காம். முதல் ஆண்டு, மகன் ஒன்பதாம் வகுப்பு. வீட்டில் 2017-இல் வாங்கிய ஒரு லேப்டாப் இருக்கிறது (ஐ3 ஏழாம் தலைமுறை, 4 ஜிபி ரேம்). ஆன் செய்துவிட்டு டீ போட்டுக் குடித்துவிட்டு வரலாம், அந்த வேகம். மகளுக்குப் புதிதாக வாங்க வேண்டும். 20,000 ரூபாய்க்குக் குரோம்புக் கிடைக்கிறது, அது போதுமா? என் மனைவியின் அண்ணன் சென்னையில் ஐடி வேலையில் இருக்கிறார். "அது பொம்மை, வாங்கினால் நல்லதாக வாங்குங்கள்" என்று 78,000 ரூபாய் கேமிங் லேப்டாப்பைக் காட்டுகிறார். அவர் கார்டிலேயே 24 மாதத் தவணை போட்டுத் தருகிறாராம். இப்போது போனுக்கு 2,100 (இன்னும் 3 மாதம்), ஃபிரிட்ஜுக்கு 1,850 (7 மாதம்), ஸ்கூட்டருக்கு 3,400 (11 மாதம்) தவணை போகிறது. முதல் இரண்டும் அவர் கார்டில் வாங்கியவை. மாதாமாதம் அவருக்கு ஜிபே செய்துவிடுவேன். இரண்டு முறை கார்டில் வட்டி ஏறிவிட்டது என்று 1,400, 1,900 கூடுதலாகக் கேட்டார், கொடுத்தேன். போன தீபாவளிக்கு முன் அவசரம் என்று 30,000 கைமாற்று வாங்கினார், இன்னும் வரவில்லை. அவர் கார்டைத்தான் பயன்படுத்துகிறோம் என்பதால் கேட்கச் சங்கடமாக இருக்கிறது. இரவில் தூக்கம் வருவதில்லை. எந்த லேப்டாப் வாங்கலாம்?

பதில்: கேள்வி லேப்டாப்பைப் பற்றி. தூக்கம் போனது கடைசி நான்கு வரிகளால். இருந்தாலும் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் மச்சானைத் திட்டத்தான் இந்தப் பகுதி என்று நினைத்துவிடுவீர்கள்.

குரோம்புக் என்பது விண்டோஸுக்குப் பதில் கூகுளின் குரோம் ஓஎஸ்ஸில் ஓடும் லேப்டாப். அது பொம்மை இல்லை. 2011-இல் முதல் குரோம்புக்குகள் விற்பனைக்கு வந்தபோது அப்படிச் சொல்லியிருந்தால் ஓரளவு ஒப்புக்கொண்டிருப்பேன். அன்றைக்கு நெட் இல்லையென்றால் அது ஒரு தட்டு. இப்போது ஆண்ட்ராய்டு ஆப்கள் ஓடுகின்றன, முன்கூட்டியே செட் செய்து வைத்தால் நெட் இல்லாமலும் கூகுள் டாக்ஸில் எழுதலாம். இந்தப் பதிலையே ஒரு குரோம்புக்கில்தான் தட்டிக்கொண்டிருக்கிறேன். மின்னஞ்சல், எக்செல் மாதிரியான கணக்குத் தாள், வீடியோ வகுப்பு, வருமான வரி இணையதளம், பேங்க் வேலை என்று என் நாளில் பெரும்பகுதி பிரவுசருக்குள்ளேயே முடிந்துவிடுகிறது.

முடியாத பகுதியையும் சொல்ல வேண்டும். ஒருமுறை வாடிக்கையாளர் ஒருவரின் அலுவலகத்தில், கடைசி நாள் மாலை, அவருடைய டிஜிட்டல் கையெழுத்து டோக்கனை (கணினியில் கையெழுத்துப் போட உதவும், பென் டிரைவ் மாதிரியான கருவி) இதில் செருகினேன். டோக்கனில் விளக்கு எரிந்தது. அதோடு சரி. அதற்கான மென்பொருள் விண்டோஸுக்கு எழுதப்பட்டது. கடைசியில் கீழ்த்தளத்தில் இருந்த பிரவுசிங் சென்டருக்கு இறங்கிப் போய், ஐம்பது ரூபாய் கொடுத்து வேலையை முடித்தோம்.

உங்கள் மகள் விஷயத்தில் இந்த டோக்கனின் இடத்தில் இருப்பது டேலி என்ற கணக்கு மென்பொருள். நீங்கள் நாள் முழுக்க டேலியில் உட்காருகிறவர், உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. டேலி பிரைம் விண்டோஸுக்கானது, குரோம்புக்கில் நேரடியாக ஏறாது. கிளவுடில் ஓட்டலாம் என்று கடைக்காரர் சொன்னால் மாத வாடகை எவ்வளவு என்று கேளுங்கள், அதுவும் ஒரு தவணைதான். பி.காம். பெண்ணுக்கு அடுத்த இரண்டு வருடத்தில் டேலி பயிற்சி கட்டாயம் வரும், அப்புறம் வேலைக்குப் போகிற இடத்திலும் அதுதான் இருக்கும். அதனால் அவளுடைய ஒரே கணினியாகக் குரோம்புக் வேண்டாம். மாலையில் வீட்டில் யூடியூப் பார்த்து, அசைன்மென்ட் தட்டி அனுப்புகிற படிப்பு என்றால் கண்ணை மூடிக்கொண்டு சரி என்றிருப்பேன்.

என் பேச்சை அப்படியே நம்ப வேண்டாம், ஒரு வாரம் சோதித்துப் பாருங்கள். மகளிடம் பழைய லேப்டாப்பையே கொடுத்து, குரோம் பிரவுசரைத் தவிர வேறு எதையும் திறக்காதே என்று சொல்லுங்கள். திறந்தே ஆக வேண்டும் என்றால் எதற்கு என்று ஒரு தாளில் எழுதட்டும். ஏழு நாள் கழித்துத் தாள் காலியாக இருந்தால் நான் சொன்னது தப்பு, குரோம்புக் வாங்கிக்கொள்ளுங்கள். தாளில் நாலு வரி விழுந்திருந்தால் 20,000 மிச்சம்.

ஒருவேளை பிறகு யாருக்காவது வாங்கினாலும், அட்டைப் பெட்டியில் அச்சடிக்காத ஒரு விஷயத்தைப் பாருங்கள்: அந்த மாடலுக்கு எந்த வருடம் வரை அப்டேட் வரும் என்பது. 2021-இலிருந்து வந்த குரோம்புக்குகளுக்குப் பத்து வருடம் அப்டேட் உண்டு என்று கூகுள் 2023-இல் அறிவித்தது. ஆனால் அந்தப் பத்து வருடம் நீங்கள் பில் போட்ட நாளிலிருந்து ஓடுவதில்லை, அந்த மாடலின் உள்கட்டமைப்பு சந்தைக்கு வந்த நாளிலிருந்து ஓடுகிறது. ஆஃபரில் மலிவாகத் தள்ளிவிடும் பழைய சரக்கில் பாதிக் காலம் ஏற்கெனவே போயிருக்கலாம். மாடல் பெயரைப் போட்டுத் தேடினால் கூகுளின் உதவிப் பக்கத்திலேயே தேதி இருக்கும். 4 ஜிபி ரேம் வேண்டாம், 8 ஜிபி பாருங்கள். மலிவு மாடல்களில் ரேம் போர்டோடு ஒட்டியே வரும், பிறகு கூட்ட முடியாது. கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபி சேமிப்பிடத்தை மெயிலும் போட்டோவும் சேர்ந்து தின்றுவிடும். அப்புறம் 100 ஜிபிக்கு வருடம் 1,300 ரூபாய் அளவில் கட்ட வேண்டியிருக்கும். பத்து வருடத்துக்கு 13,000. இருபதாயிரம் ரூபாய்ப் பொருளுக்கு இது சின்னச் செலவு இல்லை. எச்பி குரோம்புக் 2023-இலிருந்து சென்னைப் பக்கமே தயாராகிறது என்று ஊர்ப் பாசத்தில் வாங்குகிறவர்களையும் பார்த்துவிட்டேன். பாசம் தப்பில்லை, தேதியைப் பார்த்துவிட்டு வைத்துக்கொள்ளலாம்.

இப்போது அந்த 78,000. வவுச்சர் என்ட்ரி போடுவதற்குத் தனி கிராபிக்ஸ் கார்டு எதற்கு? இரண்டு கிலோவுக்கு மேல் எடை, செங்கல் மாதிரி ஒரு சார்ஜர். இதைப் பையில் போட்டுக்கொண்டு உங்கள் மகள் பேருந்தில் நின்றுகொண்டு போக வேண்டும். இப்போது எல்லா லேப்டாப்பிலும் 'ஏஐ' என்று ஒரு ஸ்டிக்கர் வேறு ஒட்டி விற்கிறார்கள். பி.காம். பாடத்துக்கு அந்த ஸ்டிக்கர் எந்தக் கணக்கையும் போட்டுத் தராது.

தவணைக் கணக்கைத் தோராயமாகப் போடுவோம். கார்டு தவணைக்கு 16 சதவீத வட்டி என்று வைத்தால் 24 மாதத்துக்கு மாதம் சுமார் 3,820. வட்டி மட்டும் 13,660 வரும். அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி இன்னொரு 2,460. மொத்தம் 94,000-ஐத் தாண்டிவிடும். உங்கள் தவணைகள் 7,350-இலிருந்து 11,170 ஆகும். வாடகையும் போனால் நாலு பேர் சாப்பிட, படிக்க, மருந்து வாங்க 21,000 சொச்சம். 'நோ காஸ்ட்' என்று மச்சான் சொல்லியிருந்தால், பெரும்பாலும் அது குறுகிய தவணைக்குத்தான் கிடைக்கும். அதிலும் வட்டிக்கான ஜிஎஸ்டி உங்கள் தலையில்தான். வட்டியே இல்லாத தவணை என்று ஒன்று கிடையாது, அது வேறு கட்டணத்துக்குள் ஒளிந்திருக்கிறது என்று 2013-லேயே ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. கடைக்காரர்கள்தான் இன்னும் கேள்விப்படாத மாதிரி இருக்கிறார்கள்.

இதுவரை எந்தக் கணக்காளருக்கும் தெரிந்த கணக்கு. உங்களுக்குத் தெரியாதது போல நீங்கள் விட்டுவிட்ட கணக்கு இனிமேல்தான்.

"கார்டில் வட்டி ஏறிவிட்டது" என்று இரண்டு முறை பணம் வாங்கினார் என்கிறீர்கள். நீங்கள் நாள் தவறாமல் அனுப்பிவிடுகிறீர்கள். அப்புறம் எப்படி வட்டி ஏறியது? நீங்கள் அனுப்பும் பணம் முழுதாகக் கார்டுக்குப் போகவில்லை, அவர் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டிருக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அப்படிக் கட்டினால் மிச்சத்துக்கு மாதம் மூன்று, மூன்றரை சதவீதம் ஓடும், வருடத்துக்கு நாற்பதைத் தொடும். புதிதாக எது வாங்கினாலும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி. அவர் கெட்டவர் என்று சொல்லவில்லை. ஐடி சம்பளக்காரர்கள் பலர் இந்தச் சுழலில் இருக்கிறார்கள், வெளியே சொல்வதில்லை. தீபாவளிக்கு முன் 30,000 கைமாற்று கேட்டவர், இப்போது 78,000 ரூபாய்க்குத் தன் கார்டை நீட்டுகிறார் என்றால் அந்தக் கார்டு எந்த நிலையில் இருக்கிறது என்று யோசியுங்கள்.

30,000-மும், வட்டி என்று கொடுத்த 3,300-உம் சேர்த்தால் 33,300. சாதாரண விண்டோஸ் லேப்டாப் ஒன்று 35,000-இலிருந்து 40,000-க்குள் கிடைத்துவிடும், டேலிக்கு அது தாராளம். உங்கள் மகளின் லேப்டாப் ஏறக்குறைய முழுதாக மச்சான் வீட்டில் இருக்கிறது.

அதைத் திரும்ப வாங்கச் சண்டை போட வேண்டியதில்லை. நீங்கள் அவருக்கு அனுப்ப வேண்டியது இன்னும் எவ்வளவு? போனுக்கு 3 மாதம் 6,300, ஃபிரிட்ஜுக்கு 7 மாதம் 12,950. கூட்டினால் 19,250. அவர் உங்களுக்குத் தர வேண்டியது 30,000. கழித்துக்கொள்ளுங்கள். இந்த மாதத்திலிருந்து அந்த இரண்டு தவணையையும் அவரே கட்டிக்கொள்ளட்டும், மீதி 10,750-ஐ முடிந்தபோது கொடுக்கட்டும். அலுவலகத்தில் இரண்டு பார்ட்டிகளுக்கு நடுவே தினமும் போடும் ஜர்னல் என்ட்ரிதான் இது, வீட்டுக்குப் போட மட்டும் கை வரவில்லை. 3,300-ஐ நான் விட்டுவிடுவேன். உறவு என்றால் அவ்வளவு போகும்.

எப்படிச் சொல்வது என்பதுதான் உங்கள் சங்கடம். வாட்ஸ்அப்பில் சொல்லாதீர்கள். முதலில் உங்கள் மனைவியிடம் இந்தத் தாளைக் காட்டுங்கள். கடிதத்தில் அவர் என்ன நினைக்கிறார் என்று ஒரு வார்த்தை இல்லை, அவருக்கு 30,000 விஷயம் முழுதாகத் தெரியுமா என்பதே எனக்குச் சந்தேகம். அண்ணனிடம் அவர் சொல்வது வேறு, நீங்கள் சொல்வது வேறு. "மச்சான், அந்த முப்பதில் தவணையைக் கழித்துக்கொள்வோம், உங்களுக்கும் ஒரே தடவையில் திருப்பித் தருகிற கஷ்டம் இருக்காது" என்று நேரில், சாப்பாட்டுக்குப் பிறகு சொல்லலாம். அடுத்த முறை ஆஃபர் என்று அவர் போன் செய்தால், மகள் காலேஜில் என்ன கேட்கிறார்கள் என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிடுங்கள். அது பொய்யும் இல்லை. தமிழக அரசு 2025-26 பட்ஜெட்டில் கல்லூரி மாணவர்களுக்கு டேப்லெட் அல்லது லேப்டாப் தருவதாக அறிவித்தது. மகள் படிப்பது அந்தத் திட்டத்துக்குள் வரும் கல்லூரியா என்று அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்கச் சொல்லுங்கள். கிடைத்தால் இந்தப் பக்கம் பாதியைக் கிழித்துப் போட்டுவிடலாம்.

கிடைக்காது என்றே வைத்துக்கொள்வோம். மச்சானுக்குப் போய்க்கொண்டிருந்த 3,950 இனி உங்கள் கையில் நிற்கும். அதை ஆர்.டி.யில் போடுங்கள். ஒன்பது மாதத்தில் 35,550. மீதி 10,750-உம் வந்துவிட்டால் ஆறேழு மாதம் போதும். ரொக்கமாகக் கடைக்குப் போங்கள், விலையில் பேசவும் வாய் வரும். ஸ்கூட்டர் தவணை அது பாட்டுக்கு ஓடட்டும்.

அதுவரை பழைய லேப்டாப்புக்கு ஒரு எஸ்எஸ்டி (ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் போடும் வேகமான டிஸ்க்) போடுங்கள். 2017 மாடலில் பழைய ஹார்டு டிஸ்க்தான் இருக்கும், டீ போடும் நேரத்துக்குக் காரணமும் அதுதான். கூலியோடு மூவாயிரம், மூன்றரை ஆயிரம் ஆகலாம். வந்து பாருங்கள், வேறு மெஷின் போல எழுந்திருக்கும். டேலியின் எஜுகேஷன் மோடு இலவசம். மாதத்தின் 1, 2 போன்ற சில தேதிகளைத் தவிர வேறு தேதியில் என்ட்ரி போட விடாது, படிக்கிறவளுக்கு அது போதும். ஒரே ஒரு எச்சரிக்கை: அந்த ஐ3 விண்டோஸ் 11-க்கு ஏறாது, விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. அதில் நெட் பேங்கிங் மட்டும் வேண்டாம், அதைப் போனில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மகளுக்குப் புதியது வந்த பிறகு பழையதை எக்ஸ்சேஞ்சில் ஆயிரம் இரண்டாயிரத்துக்குக் கொடுத்துவிடாதீர்கள். மகனுக்குக் குரோம்புக் கிடைக்கும், இலவசமாக. குரோம் ஓஎஸ் ஃப்ளெக்ஸ் என்று கூகுளே பழைய கணினிகளுக்காகத் தருகிறது. 8 ஜிபி பென் டிரைவ் ஒன்று இருந்தால் போதும், 4 ஜிபி ரேமில் ஓடும். முதலில் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பாருங்கள், வைஃபை, சவுண்ட், கேமரா எல்லாம் வேலை செய்கிறதா என்று. சரியாக இருந்தால் மட்டும் உள்ளே ஏற்றுங்கள், ஏற்றினால் பழைய ஃபைல்கள் மொத்தமும் அழிந்துவிடும். கல்யாண போட்டோக்களை முன்பே வெளியே எடுத்து வையுங்கள். ஃப்ளெக்ஸில் பிளே ஸ்டோர் கிடையாது, அதனால் போனில் ஆடும் கேம்களை அதில் ஏற்ற முடியாது. மகன் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான்.