டோக்கியோல சாயங்காலம் 5 மணிக்கு ஏறி, லாஸ் ஏஞ்சல்ஸ்ல அதே நாள் காலைல 11-க்கு இறங்க முடியுமா?

டோக்கியோவில் இருக்குற சகோதரி ஒருத்தங்க கேட்டிருக்காங்க, ஆகஸ்ட்ல அம்மாவை லாஸ் ஏஞ்சல்ஸ்ல இருக்குற தம்பி வீட்டுக்கு தனியா அனுப்புறாங்களாம், டிக்கெட்ல சாயங்காலம் 5 மணிக்கு கிளம்பி அதே தேதி காலைல 11-க்கு போய் சேரும்னு இருக்கு, திரும்பி வர்றப்ப மட்டும் ரெண்டு மணி நேரம் கூட காட்டுது, தூரம் ஒண்ணுதானே, தப்பா பிரிண்ட் ஆயிடுச்சான்னு.

தப்பில்லைங்க, ரெண்டுமே சரிதான்.

முதல்ல தூரம். டோக்கியோவோட ரெண்டு ஏர்போர்ட்ல ஹனேடாவோ நரிடாவோ, எதுல ஏறினாலும் சுமார் 8,800 கி.மீ. சில சைட்ல 5,470னு இருக்கும் அது மைல், 4,750னு இருந்தா அது கடல் மைல், பயந்துடாதீங்க. மேப்ல ஸ்கேல் வெச்சு நேர்கோடு போட்டா கிழக்கே அப்படியே நேரா போகுற மாதிரி தெரியும், ஆனா பூமி உருண்டைங்கறதால வடக்கே வளைஞ்சு அலாஸ்கா பக்கம் இருக்குற அலூஷியன் தீவுகளுக்கு கொஞ்சம் தெற்கே போற வழிதான் குறுக்குவழி, ஒரே அட்சரேகையில போனா கிட்டத்தட்ட 500 கி.மீ. அதிகமாகும். ஒரு உருண்டை மேல நூல் பிடிச்சு பாருங்க, உடனே புரிஞ்சுடும்.

நேர வித்தியாசத்துக்கு காரணம் காத்து. ஜெட் ஸ்ட்ரீம்னு சொல்றது பூமிக்கு மேல 9-12 கி.மீ. உயரத்துல மேற்குலேருந்து கிழக்கா ஓடுது, ஜப்பான் பக்கம் அது ரொம்ப பலமா இருக்கும், குளிர்காலத்துல இன்னும் ஜாஸ்தி. விமானம் காத்துக்குள்ள மணிக்கு 900 கி.மீ. வேகத்துல போனாலும், பின்னாடியிலேருந்து காத்து தள்ளினா சீட் ஸ்கிரீன்ல 1,050 காட்டும், எதிர்காத்துன்னா 800-க்கு இறங்கிடும். அதனால போக சுமார் 10 மணி நேரம், திரும்ப பதினொன்றரைலேருந்து 12. டிக்கெட்ல போடுற நேரம் கேட்டை விட்டு நகர்றதுலேருந்து அங்க கேட்ல நிக்கிற வரைக்கும், ரன்வேக்கு ஊர்ந்து போறதும் அதுல சேர்த்தி.

இப்ப அந்த 11 மணி. 5 மணியோட பத்து கூட்டினா டோக்கியோ கடிகாரத்துல மறுநாள் விடியக்காலை 3 மணி, ஆகஸ்ட்ல லாஸ் ஏஞ்சல்ஸ் 16 மணி நேரம் பின்னாடி, கழிச்சா அதே நாள் காலை 11. நவம்பர்ல அங்க கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னாடி மாத்திடுவாங்க, ஜப்பான்ல மாத்த மாட்டாங்க, அப்ப 17. திரும்பி வர்றப்ப நேர்மாறு, 10-ம் தேதி மதியம் கிளம்பினா 11-ம் தேதி பிற்பகல் நாலு மணி வாக்குல வருவாங்க, அதனால கூப்பிட போக லீவு போட்டா 11-ம் தேதிக்கு போடுங்க.

முக்கியமா ஒண்ணு, போற டிக்கெட் ஹனேடா, வர்ற டிக்கெட் நரிடான்னு இருக்கலாம், ரெண்டுக்கும் நடுவுல 60 கி.மீ. மேல இருக்கு, பேரை பாத்துக்கோங்க. 11-க்கு தரையிறங்கினாலும் இமிக்ரேஷன், பெட்டி எல்லாம் முடிச்சு வெளிய வர ஒண்ணு ரெண்டு மணி நேரம் ஆகலாம், தம்பிகிட்ட சொல்லிடுங்க, பதறப் போறாரு.

அம்மா பிபி, சுகர் மாத்திரை சாப்பிடறவங்களா இருந்தா அங்க இறங்கினதும் கடிகாரம் பாத்து போட விடாதீங்க, அவங்க உடம்புக்கு அது விடியக்காலை 3 மணி, எத்தனை மணி நேர இடைவெளியில போடணும்னு டாக்டர்கிட்ட முன்னாடியே கேட்டு பெரிய எழுத்துல எழுதி கைப்பையில வெச்சு விடுங்க.