வகுப்பறைக்குள் தர மேலாண்மை: ஆசிரியர்களின் கேள்விகளும் பதில்களும்

எட்டாம் வகுப்பு, 40 பேர். முழுக்களில் கூட்டல் கழித்தலை இரண்டு முறை நடத்திவிட்டேன், தப்பு குறையவில்லை. பரேட்டோ வரைபடம் (அதிகம் வரும் வகையிலிருந்து இறங்கு வரிசையில் அடுக்கிய பட்டை வரைபடம்) போட்டால் பயன் உண்டா சார்?

உண்டு டீச்சர், மதிப்பெண்ணை விட்டுவிட்டுத் தப்புகளை எண்ணினால். 20க்கு 11 என்பதிலிருந்து என்ன நடத்துவது என்று யாருக்கும் தெரியாது. விடைத்தாள் திருத்தும்போதே பக்கத்தில் ஒரு தாளை வைத்து, தப்பின் வகைக்கு நேரே கோடு போட்டுக்கொண்டே வாருங்கள். ஐந்து வகை போதும்: −7 + 4 = −11 என்பது; −(−3)ஐ −3 என்று எழுதுவது; −5 − 3 = +8 என்பது; எடுத்தெழுதும்போது குறி விட்டுப்போவது; தொடாமலே விட்டது.

பேச்சுக்கு, மொத்தம் 75 தப்பு. அதில் +8 வகை 33, −(−3) வகை 21 என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் சேர்ந்து 54, அதாவது 72 விழுக்காடு. மற்ற மூன்றை இப்போதைக்கு மறந்துவிடலாம்.

அந்த 33 எங்கிருந்து வந்தது? 'மைனஸும் மைனஸும் பிளஸ்' என்று நாம் ஓதிக்கொடுத்ததிலிருந்துதான். 'பெருக்கினால்' என்ற சொல் அதில் விடுபட்டிருக்கிறது. பிள்ளை விதியைச் சரியாகத்தான் மனப்பாடம் செய்திருக்கிறது. எண்கோட்டைத் தரையில் வரைந்து, −5இல் நிறுத்தி, இடப்பக்கம் 3 அடி நடக்கவிடுங்கள். மறுநாள் கடைசி 5 நிமிடத்தில் அதே வகையில் இரண்டே கணக்கு கொடுத்து, மறுபடி எண்ணுங்கள். திட்டமிடு, செய், சரிபார், சீராக்கு என்பது இந்தச் சுற்றுதான். ஒரே வாரத்தில் இருக்கை மாற்றம், குழுக் கற்றல், புதுப் பயிற்சித்தாள் என்று எல்லாவற்றையும் சேர்த்து மாற்றினால், எது கைகொடுத்தது என்பது தெரியாமலே போகும்.

600 மாணவர் உள்ள பள்ளி. நேற்று 14 பேர் தாமதம். காலை வழிபாட்டில் கண்டித்தேன், இன்று 8 பேர்தான். கண்டிப்பு பலித்ததா?

இரண்டு நாளை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. கடந்த 20 வேலை நாளின் எண்ணிக்கையை எடுத்துச் சராசரி பாருங்கள். 9 வருகிறது என்றால், அதன் வர்க்கமூலம் 3. அதன் மும்மடங்கு 9. அதைச் சராசரியோடு கூட்டினால் மேல் எல்லை 18, கழித்தால் கீழ் எல்லை 0. நாளுக்கு நாள் வரும் இயல்பான ஏற்ற இறக்கம் பெரும்பாலும் இதற்குள் அடங்கும். வால்டர் ஷூவார்ட் 1924இல் தொழிற்சாலைக்காக வரைந்த கட்டுப்பாட்டு வரைபடத்தின் எளிய வடிவம் இது. 14ம் 8ம் எல்லைக்குள்ளேயே இருப்பதால், கண்டிக்காமல் விட்டிருந்தாலும் எண்ணிக்கை இறங்கியிருக்கலாம். 19ஐத் தொட்டால் அன்றைக்கென்று தனிக் காரணம் தேடுங்கள். தொடர்ந்து 8 நாள் சராசரிக்குக் கீழே இருந்தால் நிஜமாகவே ஏதோ மாறியிருக்கிறது.

ஒரே பஸ்ஸில் 12 பேர் சேர்ந்து தாமதமாக வருவது உங்கள் ஊரில் வழக்கம் என்றால் இந்தச் சூத்திரம் பொருந்தாது. அதை ஒரு நிகழ்வாக எண்ணிவிட்டு, பஸ் நேரத்தைக் கவனியுங்கள்.

நோட்டுத் திருத்தம் மலைபோல் குவிகிறது.

5 பிரிவு, பிரிவுக்கு 42 நோட்டு: மொத்தம் 210. நோட்டுக்கு 3 நிமிடம் என்றால் பத்தரை மணி நேரம். திரும்பக் கொடுப்பதற்குள் பிள்ளை அதே தப்பைப் பத்துத் தடவை எழுதிப் பழகியிருக்கும். வகுப்பு முடியும்முன் துண்டுத்தாளில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். மதிப்பெண் போடாமல் 'சரி', 'தடுமாற்றம்', 'புரியவில்லை' என்று மூன்று அடுக்காகப் பிரித்தால் தாளுக்கு 15 விநாடி. 42 தாளும் பத்தரை நிமிடத்தில் முடியும். ஆய்வுக்கு வருபவர் சிவப்பு மையைத்தான் தேடுவார் என்பதும் தெரிந்ததே. அதற்கு வாரம் ஒரு பிரிவு என்று முழுத் திருத்தத்தைச் சுற்றில் விடுங்கள்.

ஐஎஸ்ஓ 21001 சான்றிதழ் வாங்கினால் தேர்ச்சி உயருமா?

அப்படி எந்த உத்தரவாதமும் இல்லை. 2018இல் வந்த அந்தத் தரநிலை கல்வி நிறுவனத்தின் மேலாண்மை முறையைப் பற்றியது. கோப்பு தடித்து, வகுப்பு அப்படியே கிடப்பதுதான் வழக்கமான விபத்து.

வேதியியல் ஆய்வகத்துக்கு 5எஸ் (இடத்தை ஒழுங்குபடுத்தும் ஐந்து படி முறை) சரிவருமா? பியூரெட் (திரவம் அளக்கும் கண்ணாடிக் குழாய்) தேடவே பத்து நிமிடம் போகிறது.

சரிவரும், ஆனால் வேண்டாததைக் கழிக்கும் முதல் படியிலேயே முட்டும். உடைந்ததும் இருப்புப் பதிவேட்டில் இருப்பதால் தூக்கிப்போட முடியாது. தேதியிட்ட சிவப்புச் சீட்டைக் கட்டித் தனிப் பெட்டியில் வையுங்கள். கழிவு செய்ய ஒப்புதல் வரும்வரை அங்கேயே இருக்கட்டும். அடுத்து, தட்டில் ஒவ்வொரு பொருளின் உருவத்தையும் பெயிண்டில் வரைந்துவிட்டால், எது திரும்பி வரவில்லை என்பது மணி அடிக்கும்முன் கண்ணில் படும். பியூரெட்டைத் திருகைத் திறந்து, ஸ்டாண்டில் தலைகீழாக மாட்டுங்கள்.

ஒழுங்கு என்று நினைத்து ரசாயனங்களை ஆங்கில அகரவரிசையில் அடுக்கிவிடாதீர்கள். எரியக்கூடிய அசிட்டிக் அமிலமும் ஆக்சிஜனேற்றியான அமோனியம் நைட்ரேட்டும் பக்கத்துப் பக்கத்தில் வந்து உட்காரும். முதலில் வகை பிரியுங்கள், அகரவரிசை அந்த வகைக்குள் மட்டும்.