ஊர்ப் பங்கா, வீட்டுப் பக்கத்துப் பங்கா?

கேள்வி: எங்கள் ஊர் ராதாபுரம் பக்கம். ஆறு ஆண்டுகளாகப் பாளையங்கோட்டையில் சொந்த வீட்டில் இருக்கிறோம். கோயில் வரியை இன்னும் ஊரில்தான் கட்டுகிறோம். ஞாயிறு பூசைக்கு, பாடற்குழுவும் மறைக்கல்வியும் நன்றாக இருப்பதால், எங்கள் பகுதிக் கோயிலை விட்டுச் சற்றுத் தள்ளியுள்ள வேறு பங்குக்கு (ஒரு பங்குத்தந்தையின் பொறுப்பில் உள்ள கோயில் சமூகத்துக்கு) போகிறோம். மகளுக்கு அடுத்த ஆண்டு புதுநன்மை (முதல்முறை நற்கருணை வாங்குவது). அப்பாவின் கல்லறை ஊரில் இருக்கிறது. அம்மா எங்களோடு இருக்கிறார். பங்கு மாறலாமா? மாறினால் எதற்கு?

பதில்: திருச்சபைச் சட்டத்தின்படி நீங்கள் ஏற்கெனவே மாறிவிட்டீர்கள். 1983ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு, பொதுவாகப் பங்கை நில எல்லையைக் கொண்டே வரையறுக்கிறது (எண் 518). நிலையாகத் தங்கும் எண்ணத்தோடு குடியேறினாலோ, ஐந்து ஆண்டுகள் முழுமையாகத் தங்கிவிட்டாலோ அதுவே ஒருவருடைய இருப்பிடம் என்கிறது (எண் 102). ஆகவே உங்கள் வீடு எந்தப் பங்கின் எல்லைக்குள் இருக்கிறதோ, அந்தப் பங்குத்தந்தையே உங்கள் பங்குத்தந்தை. வரி எங்கே கட்டுகிறீர்கள் என்பது இதை மாற்றாது.

ஞாயிறு கடமையை எந்தக் கத்தோலிக்கக் கோயிலிலும் நிறைவேற்றலாம்; அதில் தடையே இல்லை. ஆனால் பாடற்குழுவுக்காக மட்டும் மூன்றாவது பங்கில் பெயரைப் பதிவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அன்பியம், அதாவது அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களின் சிறு குழு, கூடுவது உங்கள் தெருவில்; நள்ளிரவில் அம்மாவுக்கு நோயில்பூசுதல் (நோயாளிக்கு எண்ணெய் பூசிச் செபிக்கும் சடங்கு) தேவைப்பட்டால் முதலில் அழைக்க வேண்டியவரும் உங்கள் பகுதிப் பங்குத்தந்தைதான். பெயரை உங்கள் பகுதிப் பங்கில் பதிந்துவிட்டு, மகளின் மறைக்கல்வியையும் புதுநன்மையையும் இப்போது போகிற கோயிலிலேயே தொடர விரும்பினால், அவரிடம் நேரில் சொல்லிக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள்.

நீங்கள் எழுதாமல் விட்ட மனவருத்தம் ஏதேனும் இருந்தால் அதையும் யோசியுங்கள். சாமியார் ஒருவரோடு உள்ள வருத்தம் என்றால், அவர் சில ஆண்டுகளில் மாறுதலாகிப் போய்விடுவார். சாதியின் பேரால் ஒதுக்கப்பட்டீர்கள் என்றால், அது நீங்கள் விலகிப்போய்த் தீர்க்க வேண்டியதல்ல, ஆயருக்கு எழுத வேண்டியது. வடக்கன்குளம் கோயிலுக்குள் சாதிகளைப் பிரித்து நின்ற சுவர் 1910இல்தான் இடிக்கப்பட்டது என்பதை உங்கள் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

இனி ஏடுகள். ஞானஸ்நானப் பதிவு, ஞானஸ்நானம் பெற்ற பங்கை விட்டு எங்கும் நகராது. உறுதிபூசுதலும் திருமணமும் பிற்பாடு அந்தப் பழைய பதிவின் ஓரத்திலேயே குறிக்கப்படும். அதனால்தான் திருமணத்தின்போது புதிதாக எடுத்த ஞானஸ்நானச் சான்றைக் கேட்கிறார்கள். ராதாபுரம் பக்கம் தூத்துக்குடி மறைமாவட்டத்தை (ஓர் ஆயரின் பொறுப்பில் உள்ள பகுதியை) சேர்ந்தது. பாளையங்கோட்டையோ 1973 முதல் தனி மறைமாவட்டம். எனவே ஊர்ப் பங்கிலிருந்து வாங்கும் விலகல் கடிதம், குடும்பத்தார் அனைவரின் விவரத்தோடு, எழுத்தில் இருக்கட்டும்.

நான் மிகவும் கவலைப்படுவது கல்லறையைப் பற்றித்தான். அடக்கத்துக்கான இடத்தைத் தேர்ந்துகொள்ளச் சட்டம் இடம் தருகிறது (எண் 1180). ஆயினும் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் இடம் கேட்கும்போது, வரி பாக்கியும் பெயர் நீக்கமும் பேச்சாக எழக்கூடும். வாசலில் ஐஸ் பெட்டி இருக்கும்போது நடத்த வேண்டிய பேச்சல்ல அது. ஊர்ப் பங்கின் குடும்ப அட்டையை ஒப்படைப்பதற்கு முன்பே, அப்பாவின் அருகில் அடக்கம் செய்ய இடமுண்டா, அதற்கு ஆண்டுக் காணிக்கை எவ்வளவு என்று ஊர்ப் பங்குத்தந்தையிடமும் நிர்வாகத்தாரிடமும் கேட்டு எழுதி வாங்குங்கள். அதற்கும் முன்னால், தாம் எங்கே உறங்க விரும்புகிறார் என்று அம்மாவிடம் கேளுங்கள்.